எண்பதாயிரம் டாலர் கடன்: அரிசோனா ஆளுநர் மீச்சமின் பதவிநீக்க விசாரணை, 1988

1988 ஏப்ரல் 4 அன்று அமெரிக்காவின் அரிசோனா மாநில செனட், அதாவது சட்டமன்றத்தின் மேலவை, தன் ஆளுநர் ஈவன் மீச்சமைப் பதவியிலிருந்து நீக்கியது. அவர்மேல் இருந்த குற்றச்சாட்டுகள் மூன்று. தேர்தல் செலவுக்கு வாங்கிய 3,50,000 டாலர் கடனைக் கணக்கில் காட்டாமல் மறைத்தார்; ஒரு கொலை மிரட்டல் பற்றிய விசாரணைக்குக் குறுக்கே நின்றார்; அரசின் பொறுப்பில் இருந்த நிதியிலிருந்து 80,000 டாலரை எடுத்துத் தன் கார் விற்பனை நிறுவனத்துக்குக் கடனாகக் கொடுத்தார். தொகையில் பெரியது முதலாவது. அது தீர்ப்புக்கான வாக்கெடுப்பு வரை போகாமலே தள்ளுபடியானது. மிரட்டல் விவகாரத்தில் 21-க்கு 9 என்று தீர்ப்பு வந்தது. வட்டியோடு திருப்பிக் கட்டியாகிவிட்டது என்று ஆளுநர் தரப்பு ஓயாமல் சொல்லிவந்த அந்த 80,000 டாலரில்தான் 26-க்கு 4 என்று செனட் ஏறக்குறைய ஒரே குரலில் பேசியது.

சிறிய தொகை, திரும்பி வந்துவிட்ட தொகை, எப்படி அதிக வாக்கு வாங்கியது? பொதுப்பணம் பற்றிய பதவிநீக்க வழக்கு எதில் நிற்கும், எதில் சரியும் என்பதற்கு இந்தக் கேள்வியைவிட நல்ல நுழைவாயில் இல்லை.

பின்னணி, தேவையான அளவுக்கு

அமெரிக்காவில் ஆளுநர் என்பவர் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மாநில ஆட்சித் தலைவர். இந்தியாவின் மாநில முதல்வர் செய்யும் வேலை அவருடையது. ஆனால் சட்டமன்றத்தில் பெரும்பான்மை போனால் முதல்வருக்குப் பதவி போய்விடும், அங்கே போகாது. நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்ற கருவியே அங்கு இல்லை. அதனால் பதவிக்காலத்தின் நடுவே ஒருவரைச் சட்டமன்றம் இறக்க வேண்டுமானால் குற்றம் சாட்டி, விசாரித்து, தீர்ப்புச் சொல்லித்தான் இறக்க முடியும். இந்தியாவில் குடியரசுத் தலைவருக்கும் உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கும் இருக்கிற நடைமுறைக்கு நெருக்கமானது அது.

மீச்சம் கிளெண்டேல் நகரில் பாண்டியாக் கார் விற்பனை நிறுவனம் நடத்தியவர், குடியரசுக் கட்சிக்காரர். 1964, 1974, 1978, 1982 ஆண்டுகளில் ஆளுநர் பதவிக்கு முயன்று தோற்றவர். 1986-இல் தன் கட்சியின் சட்டமன்றப் பெருந்தலையான பர்ட்டன் பாரை உட்கட்சித் தேர்தலில் வீழ்த்தினார். பிறகு மும்முனைப் போட்டியில் சுமார் 40 விழுக்காடு வாக்கோடு வென்றார். 1987 ஜனவரியில் பதவியேற்ற கையோடு மார்ட்டின் லூதர் கிங் நினைவு விடுமுறையை ரத்து செய்தார். முந்தைய ஆளுநருக்கு அதை அறிவிக்க அதிகாரமே இல்லை என்ற அட்டர்னி ஜெனரலின் (மாநில அரசின் தலைமைச் சட்ட அதிகாரி) கருத்து அவர் பக்கம் இருந்தது. ஆனாலும் நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியது. அவரைத் திரும்ப அழைக்கும் வாக்கெடுப்பு கோரி மக்களிடம் கையெழுத்து வேட்டை தொடங்கியது. தேவைப்பட்டது 2,16,746 கையெழுத்து. செல்லுபடியானவை மட்டும் 3 லட்சத்தைத் தாண்டின. வாக்கெடுப்பு 1988 மே 17 என்று குறிக்கப்பட்டது.

இதற்கிடையே 1987 அக்டோபரில் 3,50,000 டாலர் கடன் விவகாரம் நாளிதழில் வெளியானது. குற்றம் சாட்டப் போதிய சான்று உண்டா என்று பார்க்கும் குடிமக்கள் குழுவான கிராண்ட் ஜூரி விசாரித்து 1988 ஜனவரி 8 அன்று ஆளுநர்மீதும், தேர்தல் பொருளாளராக இருந்த அவருடைய சகோதரர்மீதும் குற்றம் சாட்டியது. சட்டமன்றமும் தனியாக விசாரிக்கத் தொடங்கியிருந்தது. ஒரே ஆளுநர்மேல் மக்கள் வாக்கெடுப்பு, குற்ற வழக்கு, பதவிநீக்கம் என மூன்று தண்டவாளங்களில் மூன்று வண்டிகள் ஒரே சமயத்தில் ஓடின. ஒன்றின் வேகம் மற்றதைப் பாதித்தது. மூன்று குற்றச்சாட்டில் ஒன்று கழன்று விழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

விதியும் எண்ணிக்கையும்

அரிசோனா அரசமைப்பின் 8-ஆம் ஷரத்து, இரண்டாம் பகுதி மிகச் சுருக்கமானது. குற்றம் சாட்டும் அதிகாரம் கீழவைக்கு மட்டும். அதன் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை வேண்டும். விசாரிப்பது செனட். உறுப்பினர்கள் சட்டப்படியும் சாட்சியப்படியும் நீதி வழங்குவதாகத் தனியே உறுதிமொழி எடுக்க வேண்டும். தலைமை தாங்குவது மாநில உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி. தண்டிக்க, தேர்ந்தெடுக்கப்பட்ட செனட்டர்களில் மூன்றில் இரண்டு பங்கு தேவை. பெருங்குற்றம், சிறுகுற்றம், பதவியில் முறைகேடு ஆகிய மூன்றும் காரணங்கள். தண்டனை பதவி நீக்கமும், இனி மாநிலப் பதவி வகிக்கத் தடையும் மட்டுமே. சிறையோ அபராதமோ கிடையாது. இங்கே தண்டிக்கப்பட்டாலும் விடுவிக்கப்பட்டாலும் நீதிமன்றம் தனியாக விசாரிக்கலாம்.

"தேர்ந்தெடுக்கப்பட்ட" என்ற சொல்லில்தான் கணக்கு அடங்கியிருக்கிறது. அன்று அவைக்கு வந்தவர்களில் மூன்றில் இரண்டு என்று இருந்தால், நழுவ நினைக்கும் உறுப்பினர் வராமல் இருந்துவிடலாம்; தேவையான எண்ணிக்கையும் இறங்கிவிடும். மொத்த எண்ணிக்கையில் கணக்கிட்டால் வராதவரும் எதிர்ப்பு வாக்குப் போட்டவராகவே ஆகிறார். செனட்டில் 30 பேர், எனவே 20. கீழவையில் 60 பேர், எனவே 31.

பின்னக் கணக்கில் தடுக்கி விழுந்த வழக்குகள் உண்டு. கென்யாவில் 2024-இல் கெரிச்சோ கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ஆளுநரை நீக்க அதன் 47 உறுப்பினர் பேரவையில் 31 பேர் வாக்களித்தார்கள். 47-இல் மூன்றில் இரண்டு என்பது 31.33. ஆளை மூன்றில் ஒரு பங்காக எண்ண முடியாது என்பதால் 32 வேண்டும். நாட்டின் செனட் குற்றச்சாட்டுகளுக்குள் நுழையாமலே, ஒரு வாக்கு குறைவு என்று வழக்கைத் திருப்பி அனுப்பியது. தீர்மானம் கொண்டுவருபவர்கள் முதல் நாளே செய்ய வேண்டிய வேலை இந்த வகுத்தல். கீழ்நோக்கி முழுமையாக்கலாம் என்று எந்த விதியாவது சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். சொல்லவில்லையென்றால் மேல்நோக்கித்தான்.

அரிசோனாவில் கட்சிக் கணக்கும் சேர்ந்தது. கீழவையில் குடியரசுக் கட்சி 36, ஜனநாயகக் கட்சி 24. செனட்டில் 19, 11. இரண்டு அவையும் ஆளுநரின் சொந்தக் கட்சியின் கையில். அந்த மாநிலத்தில் அப்போது துணை ஆளுநர் பதவி கிடையாது. ஆளுநர் போனால் அந்த நாற்காலியில் அமர வேண்டியவர் மாநிலச் செயலாளர் ரோஸ் மாஃபர்ட், ஜனநாயகக் கட்சிக்காரர். குடியரசுக் கட்சியினர் வாக்களிப்பது தங்கள் ஆட்சியை எதிர்க்கட்சியிடம் தூக்கிக் கொடுப்பதற்குச் சமம். இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பிறகு வரும் எண்களைப் படிக்க வேண்டும்.

அது யாருடைய பணம்?

80,000 டாலர் வந்த நிதி, வரிப்பணத்திலிருந்து ஒதுக்கப்பட்டது அல்ல. பதவியேற்பு விழா விருந்துக்கு விற்ற நுழைவுச்சீட்டுகள், நன்கொடைகள் ஆகியவற்றில் செலவு போக மிஞ்சிய தொகை. ஆளுநர் தரப்பின் முழு வாதமும் இதன்மேல்தான் நின்றது: கொடுத்தவர்கள் தனியார், வாங்கியது விழாக் குழு, கருவூலத்திலிருந்து ஒரு காசும் வரவில்லை, ஆகவே இது தனியார் பணம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும்.

அதை உடைத்தது ஒரு காகிதம். விழா முடிந்ததும் மிச்சத்தை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தபோது, அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துடன் பேசி, அந்தத் தொகையை மாநிலத்தின் நலனை முன்னெடுக்கும் செலவுகளுக்கு மட்டும் பயன்படுத்துவதாக ஏற்பாடு செய்துகொள்ளப்பட்டது. அதன்படி அது ஆளுநரின் புரோட்டோகால் நிதி ஆயிற்று. விருந்தினரை வரவேற்பது, மாநிலத்தை விளம்பரப்படுத்துவது போன்றவற்றுக்கான நிதி அது. பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அந்த நாளோடு முக்கியம் இழந்தது. எந்தக் கட்டுப்பாட்டின்கீழ் வைக்கப்பட்டிருக்கிறது என்பதே அதன் இனத்தைத் தீர்மானித்தது.

பொதுப்பண வழக்குகளில் மறுபடி மறுபடி வரும் முடிச்சு இது. நிவாரண நிதி, விழா நிதி, அறக்கட்டளை நன்கொடை, தனியார் நிறுவனம் தந்த சமூகப் பொறுப்புத் தொகை என்று எத்தனையோ பணம் கருவூலத்தைத் தொடாமலே பதவியில் இருப்பவரின் கையெழுத்துக்குக் கட்டுப்பட்டு நிற்கிறது. வழக்கை எழுதுகிறவர்கள் "இது அரசுப் பணம்" என்ற ஒற்றை வாக்கியத்தோடு நிறுத்தினால் எதிர்த்தரப்பு நன்கொடையாளர் பட்டியலை நீட்டி அதைக் கலைத்துவிடும். தேவையானவை நான்கு. நிதி எந்த விதியின்கீழ் அல்லது உடன்பாட்டின்கீழ் வைக்கப்பட்டது என்ற ஆவணம். அந்தக் கட்டுப்பாடு கையெழுத்துப் போட்டவருக்குத் தெரியும் என்பதற்கான சான்று. செலவு செய்ய யாருக்கு அதிகாரம், யார் ஒப்புதல் தர வேண்டும் என்ற வரிசை. அனுமதிக்கப்பட்ட செலவுகளின் வரம்பு. இந்த நான்கும் கையில் இருந்தால் பணத்தின் மூலத்தைப் பற்றி ஒரு மணி நேரம் வாதாடினாலும் பயன் இருக்காது.

அரிசோனாவில் கடைசி அம்சம் தானாகவே அமைந்துவிட்டது. ஒரு கார் விற்பனை நிறுவனத்துக்குக் கடன் கொடுப்பது எந்த விளக்கத்தாலும் மாநிலத்தை முன்னெடுக்கும் செலவாகாது. அது ஆளுநரின் சொந்த நிறுவனமாக இருந்தது கூடுதல்.

திருப்பிக் கட்டியாயிற்றே

கடன் 1987 கோடையில் கொடுக்கப்பட்டது. சில மாதங்களில் வட்டியோடு திரும்பியது. நிதிக்கு நட்டம் இல்லை, வங்கியில் தூங்குவதைவிட நல்ல வட்டிதான் கிடைத்தது என்பது ஆளுநர் தரப்பின் அடுத்த அரண். பொதுமக்கள் மனத்தில் எடுபடக்கூடிய வாதம் இதுதான். ஆனால் செனட்டில் எடுபடவில்லை.

காரணம் எளிது. பொறுப்பில் இருக்கும் பணத்தைத் தன் பக்கம் திருப்பிய அந்த நொடியிலேயே முறைகேடு முழுமையடைகிறது. திரும்பி வருவது பிந்தைய நிகழ்வு. தண்டனையின் அளவைக் குறைக்க உதவலாம், செயலை இல்லாமல் ஆக்காது. கடன் நிலுவையில் இருந்த நாட்களில் நட்ட அபாயத்தைச் சுமந்தது யார் என்று கேட்டால் விஷயம் தெளிவாகும். நிறுவனம் நொடித்திருந்தால் புரோட்டோகால் நிதி மற்ற கடன்காரர்களோடு வரிசையில் நின்றிருக்கும். தவணை தவறியிருந்தால் வசூலுக்கு ஆள் அனுப்ப வேண்டியவர் ஆளுநர். கட்ட வேண்டியவரும் ஆளுநர். கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவரே ஆகிவிட்டால், கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்க மேசையின் எந்தப் பக்கத்திலும் ஆள் இல்லை. வட்டி விகிதம் நியாயமா, ஈடு என்ன, தேதி என்ன என்பதையெல்லாம் ஒருவரே தனக்குத்தானே பேசி முடித்துக்கொள்கிறார்.

வட்டி கூடுதல் என்ற வாதமும் தன் காலிலேயே சுட்டுக்கொள்கிறது. வங்கியைவிட அதிக வட்டி தருகிறவர் வங்கியைவிட அதிக அபாயம் உள்ளவர் என்பதுதான் அதன் உள்ளர்த்தம். ஆளுநர் தரப்பு வழக்கறிஞர் அதிக வட்டியைப் பற்றி எவ்வளவு விவரமாகப் பேசுகிறாரோ அவ்வளவுக்கு அந்த நிறுவனத்துக்குப் பணமுடை இருந்தது என்று அவரே நிறுவிக்கொண்டு போகிறார்.

திரும்பிய தேதியையும் கவனிக்க வேண்டும். கேள்வி கிளம்புவதற்கு முன் திரும்பியதா, பின்பா? இத்தகைய எந்த வழக்கிலும் ஒரு தாளில் மூன்று தேதிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவைத்தால் போதும்: பணம் வெளியேறிய நாள், முதல் கேள்வி எழுந்த நாள், பணம் திரும்பிய நாள். இரண்டாவது தேதி நடுவில் விழுந்தால் "நல்லெண்ணத்தில் செய்தேன்" என்பதைக் கேட்பவர்களின் முகம் மாறும்.

பெரிய தொகை ஏன் விழுந்தது

3,50,000 டாலர் கடன் ஒரு கட்டுமானத் தொழிலதிபரிடமிருந்து தேர்தல் காலத்தில் வாங்கியது. சட்டப்படி கொடுத்தவர் பெயரோடு அறிக்கையில் காட்டியிருக்க வேண்டும், காட்டவில்லை. பணம் வாங்கியது உண்மை, பெயர் இல்லாதது உண்மை. இரண்டையும் யாரும் மறுக்கவில்லை. ஆனால் குற்றம் நிற்க வேண்டுமானால் வேண்டுமென்றே மறைத்தார் என்று காட்ட வேண்டும். படிவம் நிரப்பியதில் நேர்ந்த பிழை, ஒளிக்கும் எண்ணம் இல்லை என்று ஆளுநர் தரப்பு சொன்னது. மனத்துக்குள் இருந்ததை நிரூபிக்க வேண்டிய இடத்தில் எந்த வழக்கும் கடினமாகிறது.

அதோடு நாட்காட்டியும் சேர்ந்துகொண்டது. அதே விஷயத்துக்காக நீதிமன்றத்தில் குற்ற வழக்கு நெருங்கிக்கொண்டிருந்தது. செனட்டில் ஆளுநர் சாட்சிக் கூண்டில் ஏறிச் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தையும் அங்கே அவருக்கு எதிராகப் பயன்படுத்தலாம். பேசாமல் இருந்தால் செனட்டில் மௌனமே குற்றமாகத் தோன்றும். தொலைக்காட்சியில் நேரலையாக ஓடும் விசாரணையைப் பார்த்தவர்களிலிருந்துதான் ஜூரிக்கு ஆள் எடுக்க வேண்டும். செனட் அந்தக் குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்தது. மற்ற இரண்டும் ஒன்றோடொன்று பின்னாமல் தனித்தனிப் பத்திரங்களாக எழுதப்பட்டிருந்ததால், ஒன்றை வெட்டியபோது மற்றவை ஆடவில்லை. எல்லாவற்றையும் ஒரே மாலையாகக் கோத்து "மொத்தத்தில் நம்பிக்கைத் துரோகம்" என்று எழுதியிருந்தால் இது நடந்திருக்காது.

1988 ஜூன் 16 அன்று ஜூரி ஆளுநரையும் சகோதரரையும் எல்லாக் குற்றங்களிலிருந்தும் விடுவித்தது. அப்படியானால் செனட் செய்தது தவறு என்று அவருடைய ஆதரவாளர்கள் பல ஆண்டுகள் சொன்னார்கள். ஜூரி தீர்ப்புச் சொன்ன விஷயம் செனட் தீர்ப்புச் சொல்லாத விஷயம். செனட் தண்டித்த 80,000 டாலர் அந்த ஜூரியின் முன் வரவே இல்லை. இரண்டும் எங்கும் மோதவில்லை.

தேர்தல் நிதிக் கணக்கே பதவியைப் பறித்த முன்னுதாரணம் இல்லாமலில்லை. நியூயார்க் ஆளுநர் வில்லியம் சல்சர் 1913 அக்டோபரில் அதனால்தான் நீக்கப்பட்டார். பதவியேற்பதற்கு முன் செய்ததற்குப் பதவியைப் பறிக்கலாமா என்ற சர்ச்சை அப்போதே எழுந்தது. இன்றுவரை மாநிலத்துக்கு மாநிலம் பதில் வேறு. பதவியில் இருக்கும்போது, பதவியின் கையெழுத்தால் நகர்ந்த பணத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. 80,000 டாலருக்கு இருந்த இன்னொரு பலம் அது.

மிரட்டல் விவகாரம்

பணத்தோடு நேரடித் தொடர்பில்லாததால் சுருக்கமாக. ஆளுநரின் முன்னாள் உதவியாளர் ஒருவர் கிராண்ட் ஜூரி முன் சாட்சியம் அளித்தவர். அவரை இன்னொரு அதிகாரி மிரட்டியதாக 1987 நவம்பரில் மாநிலக் காவல்துறைக்குத் தகவல் வந்தது. அட்டர்னி ஜெனரலின் விசாரணைக்கு ஒத்துழைக்க வேண்டாம் என்று ஆளுநர் தன்னிடம் சொன்னதாகக் காவல்துறை இயக்குநர் ரால்ஃப் மில்ஸ்டெட் சாட்சி சொன்னார். அலுவலகச் சண்டை என்றே நினைத்தேன், கொலை மிரட்டல் என்று புரியவில்லை என்றார் ஆளுநர். ஒருவர் சொன்னதா மற்றவர் சொன்னதா என்ற கேள்வியில் 9 பேர் அவர் பக்கம் நின்றார்கள். காசோலைக்கும் நினைவுக்கும் உள்ள வித்தியாசம் ஐந்து வாக்கு.

கீழவை: குற்றச்சாட்டு எப்படி உருவானது

கீழவைத் தலைவர் ஜோ லேன், ஆளுநரின் கட்சிக்காரர்தான். ஆனாலும் உறுப்பினர்களே துப்பறியப் போகாமல், முன்னாள் நீதிபதியான வில்லியம் ஃபிரெஞ்சைத் தனி வழக்கறிஞராக அமர்த்தினார்கள். அவர் ஆவணங்களைச் சேர்த்து, சாட்சிகளை விசாரித்து, 1988 ஜனவரி நடுவில் அறிக்கை கொடுத்தார். பிறகு தெரிவுக்குழு பொது விசாரணை நடத்தியது. ஆளுநரே வந்து பதில் சொன்னார். பிப்ரவரி 5 அன்று வாக்கெடுப்பு: 46-க்கு 14.

எதிர்க்கட்சியினர் மொத்தமே 24 பேர். அவர்கள் அனைவரும் ஆதரித்தார்கள் என்று வைத்துக்கொண்டாலும், மீதி 22 வாக்கு ஆளுநரின் கட்சியிலிருந்துதான் வந்திருக்க முடியும். வெளியிலிருந்து வந்த வழக்கறிஞர் முதலில் காகிதங்களை அடுக்கிவைத்தது இதைச் சாத்தியமாக்கியது. சொந்தக் கட்சித் தலைவருக்கு எதிராக வாக்களிக்கும் உறுப்பினர் தொகுதியில் போய் நின்று காட்ட ஏதாவது வேண்டும். எதிர்க்கட்சியின் மேடைப் பேச்சை அவர் காட்ட முடியாது, வங்கிக் கணக்கைக் காட்டலாம்.

தீர்மானம் நிறைவேறியதும் ஆளுநர் பணியிலிருந்து விலகி நிற்க, ரோஸ் மாஃபர்ட் பொறுப்பு ஆளுநரானார். விசாரணைக் காலத்தில் குற்றம் சாட்டப்பட்டவரின் கையில் கோப்புகளும் பணியாளர்களும் இல்லாதது இந்த ஏற்பாட்டின் பெரும் பயன். பல நாடுகளின் விதிகளில் இது கிடையாது. அங்கெல்லாம் சாட்சியாக வர வேண்டிய கணக்கு அதிகாரி, யாருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறாரோ அவரிடமே மறுநாள் கோப்போடு போய் நிற்க வேண்டியிருக்கும்.

செனட்: ஐந்து வாரம்

விசாரணை பிப்ரவரி 29 அன்று தொடங்கியது. தலைமை நீதிபதி ஃபிராங்க் கார்டன் தலைமையில் நடந்தது. கீழவையின் சார்பில் ஃபிரெஞ்சும் பால் எக்ஸ்டீனும் வழக்கை நடத்தினார்கள். செனட்டர்களே நீதிபதிகள், அவர்களே ஜூரி. குற்றவியல் நீதிமன்றத்தின் "ஐயத்துக்கு இடமின்றி" என்ற அளவுகோலை அரசமைப்பு இங்கே கேட்கவில்லை.

ஆளுநர் தரப்பு நடுவிலேயே மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. விசாரணை முறை நியாயமற்றது, உரிமைகள் மீறப்படுகின்றன என்று மனு. நீதிமன்றம் தலையிட மறுத்தது. குற்றம் சாட்டுவதும் தீர்ப்பதும் சட்டமன்றத்துக்கு மட்டுமே உரியது. அரசமைப்பு சொன்ன படிகளைத் தாண்டாதவரை உள்ளே எப்படி நடத்த வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லாது. இந்தப் பதிலை இரண்டு பக்கமும் படிக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்கு மேல்முறையீடு என்ற வலை கீழே இல்லை. ஆனால் எண்ணிக்கை, கெடு, உறுதிமொழி, தலைமை தாங்குபவர் போன்ற எழுதப்பட்ட படிகளில் ஒன்று தவறினால் நீதிமன்றத்தின் கதவு திறந்துவிடும். எனவே குற்றம் சாட்டும் தரப்பில் ஒருவர் சாட்சியத்தைப் பற்றிக் கவலையே படாமல் படிகளை மட்டும் டிக் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

மீச்சம் செனட்டிலும் சாட்சிக் கூண்டு ஏறினார். வழக்கறிஞர்கள் பொதுவாக அஞ்சும் முடிவு இது. பணத்தைப் பொறுத்தவரை அவர் மறுக்கக்கூடிய உண்மை ஒன்றும் இல்லை. விளக்கம் மட்டுமே இருந்தது. ஒருவர் தன் செயலை முழு மனத்தோடு சரியென்று நம்பி விளக்கும்போது, "அப்படியானால் நாளையும் இதையே செய்வார்" என்ற எண்ணம் கேட்பவர்களுக்கு வந்துவிடும். தெரியாமல் செய்துவிட்டேன் என்பதும் சரியாகத்தான் செய்தேன் என்பதும் ஒரே வாயிலிருந்து வரக்கூடாத இரண்டு வாதங்கள். ஆளுநர் தரப்பு இரண்டையும் வைத்துக்கொண்டது.

26 வாக்கில் ஜனநாயகக் கட்சியினர் 11 பேரும் இருந்ததாகக் கொண்டாலும் குடியரசுக் கட்சியினர் குறைந்தது 15 பேர். கட்சிப் பழிவாங்கல் என்ற கூக்குரலை இந்தக் கணக்கு அடைத்துவிட்டது. லூசியானாவில் 1929-இல் நேர்மாறாக நடந்தது. ஆளுநர் ஹூயி லாங்மேல் அரசுப் பணத்தை முறைகேடாகச் செலவழித்தது உட்படப் பல குற்றச்சாட்டுகள் வந்தன. 39 பேர் கொண்ட செனட்டில் 15 பேர், எந்தச் சாட்சியம் வந்தாலும் தண்டிக்க மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். 26 கிடைக்காது என்று உறுதியானதும் விசாரணை சாட்சிகளைத் தொடாமலே கலைந்தது. அங்கே குற்றச்சாட்டுகள் ஏராளம். சில மிக அற்பமானவை. பட்டியல் நீள நீள, எதையும் நம்ப விரும்பாதவருக்குச் சாக்கு கிடைத்துக்கொண்டே போகும்.

தடை ஏன் வரவில்லை

பதவி நீக்கத்துக்குப் பிறகு தனியாக ஒரு வாக்கெடுப்பு நடந்தது: இனி எந்த மாநிலப் பதவியும் வகிக்கக் கூடாது என்று தடை விதிப்பதா? பாதிக்கு மேல் ஆதரவு இருந்தும் மூன்றில் இரண்டு எட்டவில்லை. பணத்தை முறைகேடாகப் பயன்படுத்தினார் என்று கைதூக்கியவர்களில் பலர், மக்கள் மறுபடி தேர்ந்தெடுக்க நினைத்தால் அதைத் தடுப்பது தங்கள் வேலையில்லை என்று ஒதுங்கினார்கள். இரண்டு தண்டனைகளையும் ஒரே கேள்வியாகக் கேட்டிருந்தால், தடையை விரும்பாத சிலர் நீக்கத்தையும் மறுத்திருக்கக்கூடும். பிரித்துக் கேட்டது குற்றம் சாட்டியவர்களுக்கு லாபமாகவே முடிந்தது.

மே 17-க்குக் குறித்திருந்த மக்கள் வாக்கெடுப்பை மாநில உச்ச நீதிமன்றம் ஏப்ரலில் நிறுத்தியது. நீக்கத்தால் ஏற்பட்ட காலியிடத்தை அரசமைப்புப்படி மாநிலச் செயலாளர் நிரப்பிவிட்டார். எஞ்சிய காலம் அவருடையது. கையெழுத்திட்ட 3 லட்சம் பேர் வாக்களிக்க முடியாமல் போனதை மீச்சமின் எதிரிகளிலேயே சிலர் குறையாகப் பார்த்தார்கள்.

1988 நவம்பரில், 40 விழுக்காட்டோடு யாரும் ஆளுநராகக் கூடாது என்று அரசமைப்பில் பாதிக்கு மேல் வாக்கு என்ற நிபந்தனை சேர்க்கப்பட்டது. 1990 தேர்தலில் யாருக்கும் அது கிடைக்காமல் 1991 பிப்ரவரியில் மறுபடி வாக்குப்பதிவு நடத்த வேண்டிவந்தது. 1992-இல் அந்த நிபந்தனையையே எடுத்துவிட்டார்கள். தடை இல்லாததால் 1990-இல் மீச்சம் மறுபடி ஆளுநர் பதவிக்குத் தன் கட்சிக்குள் போட்டியிட்டுத் தோற்றார். 1992-இல் அமெரிக்க செனட்டுக்குச் சுயேச்சையாக நின்றார். ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வாக்குக் கிடைத்தது.